மலையைப் பற்றிச் சண்டை போடுங்கள், நியூட்ரினோவை விட்டுவிடுங்கள்

ஒரு துகளை எதிர்த்து ஊர்வலம் போன பெருமை நமக்குத்தான் உண்டு என்று நினைக்கிறேன். சாயப்பட்டறைக் கழிவை எதிர்த்துப் போகலாம். மணல் அள்ளுவதை எதிர்த்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருக்கும் நாங்கள் தினமும்கூடப் போகலாம். ஆனால் உலகம் தோன்றிய நாளிலிருந்து நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும் ஒன்றை, ஊருக்குள் வரக்கூடாது என்று பதாகை பிடித்துத் தடுக்கப் பார்த்தது நாம்தான்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன். பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் போன வாரம் அந்தப் பழைய செய்தி மறுபடியும் வந்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும். அமெரிக்காவிலிருந்து பூமிக்கு அடியில் உயர் ஆற்றல் நியூட்ரினோவை அனுப்பப் போகிறார்கள். முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்து. ஐந்து மாவட்டம் தண்ணீர் இல்லாமல் போகும். கீழே கும்பிடும் கைகள் ஏழெட்டு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதான் பிரெஞ்சு பேப்பரெல்லாம் படிக்கிறீங்களே, இதுல எது நிஜம்?"

நடக்கும்போது சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தலைமுடி நரைக்கும்வரை கோப்புக்குக் குறிப்பு எழுதியவன். இரண்டு இடத்திலும் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் எங்கள் ஆசிரியர், எதைப் பற்றி வாதம் செய்தாலும் முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிட்டு உட்கார் என்பார். அலுவலகத்தில் கண்காணிப்பாளர், ஒரு கோப்பில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். இரண்டைப் போட்டுக் குழப்பினால் இரண்டுமே உருப்படாது என்பார்.

பொட்டிப்புரம் விவகாரத்தில் நடந்தது அதுதான். இரண்டு விஷயங்களை ஒரே கோப்பில் கட்டிவிட்டார்கள். ஒன்று துகள். இன்னொன்று மலை. துகளைப் பற்றிச் சொன்ன பயம் பொய். மலையைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் பல நியாயமானவை. பொய்யான பயம் நியாயமான கேள்வியை முழுங்கிவிட்டது. என் வழக்கு இவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.

முதலில் துகள்.

1930இல் வூல்ஃப்காங் பௌலி என்ற விஞ்ஞானி, அணுக்கரு சிதையும்போது கணக்கில் கொஞ்சம் ஆற்றல் இடிப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை எடுத்துக்கொண்டு போகிறது என்று ஊகித்தார். ரொக்கம் இடித்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோமே, அதே தர்க்கம். மின்னேற்றம் இல்லாதது, மிகச் சிறியது என்பதால் இத்தாலிய மொழியில் நியூட்ரினோ, அதாவது குட்டி நடுநிலையான் என்ற பெயர் நிலைத்தது. அது உண்மையிலேயே இருக்கிறது என்று அமெரிக்காவில் ரெய்ன்ஸ், கோவன் என்ற இருவர் அணுஉலை அருகே கருவி வைத்துக் காட்ட 1956 ஆயிற்று. இருபத்தாறு வருஷம்! அவ்வளவு லேசில் அகப்படாது.

எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். சூரியனிலிருந்து மட்டும், உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில், ஒரு நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் வந்து போகின்றன. பகலில் தலைக்கு மேலிருந்து வரும். இரவில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, பூமியைத் துளைத்துக்கொண்டு, பாய்க்கு அடியிலிருந்து மேலே வரும். எண்ணிக்கை குறையாது. நம் உடம்பிலேயே உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது; அதனால் நாம் ஒவ்வொருவரும் நொடிக்குச் சுமார் நாலாயிரம் நியூட்ரினோக்களை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம். அருகில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரிக்கு இதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25. அதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 23 அன்று, நம் நேரப்படி பகல் ஒரு மணி சுமாருக்கு, பால்வீதிக்கு வெளியே ஒரு நட்சத்திரம் வெடித்ததில் பிறந்த நியூட்ரினோ வெள்ளம் பூமியைக் கடந்தது. சாரம் கட்டியிருந்த கோபுரத்தையும், கோபுரத்தில் வேலை செய்த ஸ்தபதிகளையும், தெருவில் போன நம்மையும் அது கடந்தது. ஒவ்வொருவர் உடம்பிலும் கோடி கோடியாக. ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா என்று மூன்று இடங்களில் இருந்த பிரம்மாண்டமான கருவிகளில் எல்லாமாகச் சேர்த்துப் பிடிபட்டவை சுமார் இரண்டு டஜன். இதுதான் நியூட்ரினோவின் லட்சணம்.

"அதெல்லாம் சாதா நியூட்ரினோ சார், செய்தியில் சொல்வது உயர் ஆற்றல் நியூட்ரினோ" என்பார்கள். நல்ல கேள்வி. இந்த இடத்தில்தான் செய்தி எழுதியவர் கொஞ்சம் நிஜத்தை எடுத்துப் பொய்யில் கலந்திருக்கிறார். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஆற்றலை விஞ்ஞானிகள் எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் சொல்வார்கள். நமக்குப் பழக்கமான ரூபாயில் சொல்கிறேன். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை 42 பைசாவைத் தாண்டாது. 1987இல் பிடிபட்டவை பத்து ரூபாயிலிருந்து நாற்பது ரூபாய்வரை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்கள் ஆயிரம், பத்தாயிரம் ரூபாய்க்காரர்கள். பொட்டிப்புரத்தில் பிடிக்க நினைத்தது இவர்களைத்தான். இதற்கு மேல் கோடீஸ்வரர்கள் உண்டு. அவர்கள் தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வருகிறார்கள்.

விதி என்னவென்றால், ரூபாய் கூடக்கூட நியூட்ரினோ எதிலாவது மோதும் வாய்ப்பும் கூடும். சில்லறைக்காரர் ஓர் ஒளியாண்டு தடிமன் ஈயச் சுவரையும் தாண்டிப் போகக்கூடியவர். ஆற்றல் பத்து மடங்கானால் வாய்ப்பும் ஏறக்குறைய பத்து மடங்காகும். மிக உயரத்தில் அந்த ஏற்றம் மெதுவாகும். சுமார் நாலு கோடி ரூபாயைத் தாண்டினால், பூமியின் நடுவழியாகப் போகிறவருக்குப் பூமியே ஒரு சுவராகிவிடுகிறது. தென் துருவத்தில் உள்ள ஐஸ்கியூப் கருவி இதை அளந்து 2017இல் வெளியிட்டது.

"பார், மோதும் என்று நீயே ஒப்புக்கொள்கிறாய்!" என்று துள்ள வேண்டாம். ஒரு சுவராகத் தேவைப்படுவது முழுப் பூமி. உங்கள் உடம்போ ஒன்றரை அடி தடிமன். அதோடு, ரூபாய் ஏற ஏற ஆள் எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிடும். ஊரில் சில்லறை வைத்திருப்பவர் எத்தனை பேர், கோடி வைத்திருப்பவர் எத்தனை பேர்? அதே கதைதான்.

மோதினால் என்ன ஆகும்? நியூட்ரினோ ஓர் அணுக்கருவில் போய் இடிக்கும். இடித்த இடத்தில் அது மறைந்து, பெரும்பாலும் மின்னேற்றம் உள்ள வேறொரு துகளாக மாறி ஓடும். எலக்ட்ரானாக மாறினால் அது சீக்கிரம் சிதறி ஒரு பூச்சட்டிபோல் ஒரே இடத்தில் பூக்கும். மியூவான் என்ற துகளாக மாறினால் நேர்கோட்டில் நெடுந்தூரம் ஓடும். தண்ணீரிலோ பனிக்கட்டியிலோ ஒளி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்; இந்தத் துகள் அதைவிட வேகமாக ஓடும். வேகமாகப் போகிற படகுக்குப் பின்னால் இரு பக்கமும் அலை விரிகிறதே, அதுபோல இதன் பின்னால் மங்கலான நீல ஒளி விரியும். செரென்கோவ் ஒளி என்று பெயர். அந்த ஒளியைப் பார்க்க இருட்டில் கண் வைத்துக் காத்திருப்பதுதான் மொத்த வித்தையும்.

தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வரை, 5160 ஒளி உணர்விகளைத் தோரணம்போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதுதான் ஐஸ்கியூப், 2010 டிசம்பரில் கட்டி முடித்தார்கள். 2017 செப்டம்பர் 22 அன்று 29 கோடி ரூபாய்க்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் வந்த திசையைப் பின்தொடர்ந்து போய், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு விண்மீன் மண்டலத்தைக் காட்டினார்கள். மத்தியதரைக் கடலில், பிரான்சின் துலோன் நகரத்துக்கு எதிரே ஒன்றும் சிசிலித் தீவுக்கு எதிரே ஒன்றுமாக இதேபோன்ற கருவிகள் கடலடியில் இருக்கின்றன. சிசிலிக்கு எதிரே, 3450 மீட்டர் ஆழத்தில், 2023 பிப்ரவரி 13 அன்று ஒருவர் அகப்பட்டார். மதிப்பு சுமார் 22,000 கோடி ரூபாய். மனிதன் இதுவரை பிடித்ததிலேயே பெரியவர். கணக்கை முழுதும் சரிபார்த்து 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள்; பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது.

அந்த 22,000 கோடி எவ்வளவு பெரிய சக்தி தெரியுமா? ஓர் அரைநெல்லிக்காய் மேசையிலிருந்து உருண்டு தரையில் விழும் சக்தி. ஒரே ஒரு துகளில் இவ்வளவு இருப்பதுதான் அதிசயம். அது உங்கள் மேல் மோதும் வாய்ப்பு என்பதோ, கருவி வைத்து வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கே ஒரு கன கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கு. இதற்கு ஊர்வலம்!

இப்போது பொட்டிப்புரம். அங்கே அமைக்க நினைத்தது என்ன? அம்பரப்பர் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் ஒரு பெரிய குகை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. குகைக்குள் ஐம்பதாயிரம் டன் இரும்பு, 5.6 சென்டிமீட்டர் தடிமன் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக 150 அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ இரும்பில் மோதி மியூவானாக மாறினால், அது தகடு தகடாகத் துளைத்துப் போகும்போது ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒரு மின் துடிப்பு எழும். புள்ளிகளைச் சேர்த்தால் பாதை. இரும்பைக் காந்தமாக்கி வைத்திருப்பதால் நேர் மின்னேற்றம் ஒரு பக்கமும் எதிர் மின்னேற்றம் மறு பக்கமும் வளையும்; நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று தெரிந்துவிடும். அவ்வளவு இரும்பிலும் ஒரு நாளைக்கு நடக்கும் மோதல் பத்துக் கணக்கில்தான் இருக்கும்.

எதையும் உண்டாக்கவில்லை, எதையும் வெளியே விடவில்லை. வருவதைப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

"ஆபத்து இல்லையென்றால் ஏன் மலைக்குள் ஒளித்து வைக்கிறார்கள்?" இதுதான் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி. பொல்லாத கேள்வி மாதிரி இருக்கும். விடை தலைகீழானது. மலை ஒரு குடை. உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுக்க அல்ல, வானத்திலிருந்து கொட்டுகிற மியூவான் மழை உள்ளே வராமல் தடுக்க. நீங்கள் இப்போது உள்ளங்கையை விரித்து நீட்டினால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் அதைக் கடக்கும். அந்தச் சந்தடியில் நியூட்ரினோவின் ஒற்றைக் காலடிச் சத்தம் கேட்காது. ஒரு கிலோமீட்டர் பாறை அந்த மழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். தெற்கு வாசல் கடைத்தெருவில் நின்றுகொண்டு ரேடியோவைக் காதில் வைத்தால் கேட்குமா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தால்தான் கேட்கும்.

அடுத்து, அமெரிக்காவிலிருந்து அனுப்பப் போகிற கற்றை. இந்தப் பயத்துக்கும் ஒரு சிறு வேர் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2003இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சிலர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நூறு கோடி ரூபாய் ஆற்றலுள்ள நியூட்ரினோக்களை அடர்ந்த கற்றையாக அனுப்பினால், பூமியின் அந்தப் பக்கத்தில் உள்ள அணுகுண்டைக்கூடச் செயலிழக்க வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கற்றை வழியில் கதிர்வீச்சும் உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய இயந்திரத்தின் சுற்றளவு ஆயிரம் கிலோமீட்டர் என்றும் அவர்களே எழுதினார்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சென்னைக்குப் போகிற தூரம். அப்படியொரு இயந்திரம் உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் அது அனுப்புகிற இடத்தில்தான் இருக்குமே தவிர, தேனியில் இரும்புத் தகடு இருப்பதால் முளைத்துவிடாது.

நிஜமாகவே இருக்கிற கற்றைகளைப் பார்ப்போம். ஜெனிவாவின் செர்ன் நிலையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு, 730 கிலோமீட்டர், 2006 முதல் 2012 வரை நியூட்ரினோ அனுப்பினார்கள். சராசரி பதினேழாயிரம் ரூபாய் ஆற்றல். மேலே திராட்சைத் தோட்டம், ஊர், மாதாகோவில் எல்லாம் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஜப்பானில் தோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தள்ளி காமியோகா சுரங்கத்துக்கு 2010 முதல் அனுப்புகிறார்கள். வழியில் உள்ள ஜப்பான்காரர்கள் நெல் விளைவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆக, துகள் கோப்பை இத்துடன் மூடுகிறேன். எங்கள் அலுவலக வழக்கப்படி ஆர்.டிஸ். போட்டு ரெக்கார்டு அறைக்கு அனுப்பிவிடலாம். கதிர்வீச்சு இல்லை, புற்றுநோய் இல்லை, கற்றை இல்லை.

இனி மலைக் கோப்பு. இங்கே என் கோபம் அந்தப் பக்கம் திரும்புகிறது.

இந்த ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலைக்குப் பக்கத்தில், யானைகள் நடமாடும் பாதையில். 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை மறுத்தது, சரியாகவே மறுத்தது. இதில் பாடம் கற்றிருந்தால் அடுத்த இடத்தில் காகிதம் கச்சிதமாக இருந்திருக்க வேண்டும். பொட்டிப்புரத்தில் என்ன செய்தார்கள்? மலையைக் குடைகிற வேலையை, கட்டடம் கட்டுகிற வேலை என்ற இனத்தில் சேர்த்து விண்ணப்பித்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போடுகிற இனம்! சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த அமைப்புக்கு அதற்கு வேண்டிய அங்கீகாரம் இல்லை. கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஒரு சாதாரண இளநிலை உதவியாளர் மேலட்டையைப் பார்த்தவுடனே "இனம் தவறு, திருப்பி அனுப்புக" என்று எழுதியிருப்பார்.

பிறகாவது திருந்தினார்களா? 2018 மார்ச்சில் சிறப்பு நேர்வு என்று சொல்லி மத்திய அமைச்சகமே அனுமதி கொடுத்தது. ஆயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சிறப்பு நேர்வு என்றால், பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றாலும், வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இது புலிகள் நடமாடும் வழி, மேற்குத் தொடர்ச்சி மலை என்று காட்டி உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து மனு போட்டது. மலையில் சுரங்க வேலை தொடங்கவே இல்லை.

ஊர்க்காரர்கள் கேட்டது என்ன? வெடி வைத்தால் வீட்டுச் சுவர் என்ன ஆகும், ஊற்றுக் கண் அடைபடுமா, கல் லாரி எந்த வழியாகப் போகும், ஆடு மாட்டை எங்கே மேய்ப்பது. எல்லாம் மலைக் கோப்புக் கேள்விகள். இவற்றுக்கு அளந்து பதில் சொல்ல முடியும். அணையிலும் வீட்டிலும் அதிர்வுமானி வைக்கலாம், கிணற்று நீர்மட்டத்தை மாதாமாதம் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டலாம். தண்ணீர் பற்றிய பயமும் முட்டாள்தனம் அல்ல. நான் மேலே சொன்ன கிரான் சாஸோவில் 2002இல் ஒரு நியூட்ரினோக் கருவிக்கான ரசாயனத் திரவம் கசிந்து ஓடையில் கலந்து, பெரிய ரகளையாகி, அந்த வேலையை நிறுத்தி வைத்தார்கள். பொட்டிப்புரத்து இரும்புக் கருவியில் அந்தத் திரவம் கிடையாது. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் நிரப்பும் வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றை எப்படிச் சுழற்றிப் பயன்படுத்துவார்கள் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அவர்கள் கேட்டது தண்ணீரையும் மேய்ச்சலையும். கிடைத்த பதிலில் பாதி, நியூட்ரினோ ரொம்பச் சாது என்பது. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாத குறிப்பை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த காரியத்துக்கு விலை உண்டு. 2018இல் மதுரையில், இந்தத் திட்டத்தை எதிர்த்து நடைப்பயணம் தொடங்கிய இடத்தில் ஒரு தொண்டர் தீக்குளித்து இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓர் எறும்புக்குக்கூடத் தீங்கு செய்ய முடியாத துகளின் பெயரைச் சொல்லி ஓர் உயிர் போயிற்று. மேடையில் பயத்தை விற்றவர்களும், கோப்பில் சந்தேகத்தை வளர்த்தவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இன்னொரு விலையும் உண்டு. நியூட்ரினோ ஆராய்ச்சியில் நாம் பின்வரிசைக்காரர்கள் அல்ல. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகத்தில் முதலில் பிடித்துப் பதிப்பித்தவர்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர்கள். 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாக்கா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, 1965 ஆகஸ்டில். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இருந்த ரெய்ன்ஸ் குழுவைப் பதிப்பில் இரண்டு வாரம் முந்தினார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்த் தொழிலாளர்கள். 2001இல் சுரங்கமே மூடப்பட்டது.

மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் பொட்டிப்புரத்தின் முக்கியமான வேலை. நாம் இனம் மாற்றி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சீனர்கள் குவாங்தோங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் இருபதாயிரம் டன் திரவத்தை நிரப்பி, 2025 ஆகஸ்டில் அதே கேள்விக்கு விடை தேட ஆரம்பித்துவிட்டார்கள். நம் கையில் இருப்பது மதுரையில் வைத்திருக்கும் 85 டன் மாதிரிக் கருவி. மேலே மலை இல்லை. குடை இல்லாமல் மழையில் நிற்கிறது.

சர் சி.வி. ராமன் பிறந்தது எங்கள் திருவானைக்காவலில். அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆபீஸ் முடிந்த பிறகு ஆராய்ச்சி செய்தவர் (எழுத்தர் இனத்துக்கே பெருமை). அப்துல் கலாம் படித்தது திருச்சி புனித ஜோசப் கல்லூரியில். அவர் 2015இல் இந்தத் திட்டத்தை ஆதரித்தே எழுதினார். இரண்டு பேருடைய படத்தையும் பள்ளிக்கூடம்தோறும் மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தியைத் தள்ளிவிடுகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையில் ஃப்ரேழூஸ் என்ற சாலைச் சுரங்கம் இருக்கிறது, சுமார் 13 கிலோமீட்டர். 1980இல் திறந்தார்கள். அதன் நடுப்பகுதியில், 1700 மீட்டர் பாறைக்கு அடியில், ஓர் அறையை மட்டும் கூடுதலாகக் குடைந்து ஆய்வகமாக்கிக்கொண்டார்கள். மோதான் ஆய்வகம் என்று பெயர். நியூட்ரினோ ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. கிரான் சாஸோவும் அப்படித்தான், நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பக்கத்து அறைகள். நாமும் ரயிலுக்கும் சாலைக்கும் மலைகளை நீளமாகக் குடைந்துகொண்டுதான் இருக்கிறோம். குடைகிற திட்டத்திலேயே விஞ்ஞானிகளுக்கும் ஓர் அறை என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி சேர்த்தால், புதிதாக ஒரு காட்டைத் தொட வேண்டியதில்லை.

அம்பரப்பர் மலை புலிக்கும் தண்ணீருக்கும் உரியது, அதனால் வேண்டாம் என்று அரசு சொன்னால், அதை எடுத்து நீதிமன்றத்தில் வாதாடட்டும். ஜெயித்தால் நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அதை அந்தக் காரணத்துக்காகவே நிராகரிக்க வேண்டும். பொய்க் காரணத்தால் கிடைத்த வெற்றி நிற்காது. நாளைக்கு அதே மலையில் கல்குவாரி வந்தால் என்ன சொல்லித் தடுப்பீர்கள்? குவாரியில் நியூட்ரினோ இல்லையே!

ஆசிரிய நண்பருக்கு என் பதில் இதுதான். உங்கள் செய்தியில் நாலு விஷயம் இருந்தது. கதிர்வீச்சு, அமெரிக்கக் கற்றை, இந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். அணை, தண்ணீர், இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, யார் அளந்தார்கள், எந்தத் தேதியில், எங்கே ஒட்டினார்கள் என்று கேட்டு மறுபடி அனுப்புங்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் கும்பிடும் கையை நானும் போடுகிறேன்.